நூலும் வாளும்

தமிழிலே ‘நூல்’ என்னும் சொல் இரு பொருள் தந்து நிற்பது. பஞ்சிலிருந்து நூற்கப்படுவதும் நூல்; புலவன் தன் அறிவினால் இயற்றுவதும் நூல். இவ்விரண்டிற்கும் உள்ள உறவை நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர் அழகுறக் காட்டியுள்ளார். மரத்தின் கோணலைத் தச்சன் இடும் நூல் தீர்ப்பதுபோல, மாந்தர் மனத்தின் கோணலைக் கல்விநூல் தீர்க்கும் என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்து, பிற்காலத்தில் நாவலர் பெருமானின் காண்டிகையுரையோடு எம் நாட்டுப் பிள்ளைகளாற் பயிலப்பட்ட அந்நூலை இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் மறந்திரார். யானும் பல ஆண்டுகளாக அவ்வுவமையை வகுப்பிலே விளக்கி வந்திருக்கின்றேன். ஆயினும், அதன் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியது புத்தகமன்று. 2023ஆம் ஆண்டிலே எம் கல்லூரி மரவேலைக் கூடத்தில் நாங்கள் செய்த ஒரு பலகையேயாம். அதன் வரலாற்றை இவ்விழா மலரிற் பதிந்து வைத்தல் பொருந்தும் எனக் கருதுகின்றேன்.

நவராத்திரி நாள்களிற் கல்லூரி மண்டபத்திலே கலைமகள் திருவுருவத்தை எழுந்தருளச் செய்யும் எண்கோணப் பீடத்தைப் பழைய மாணவர் அறிவர். பல்லாண்டு பயன்பட்ட அப்பீடம் செல்லரித்து, கால் வைத்தால் நொறுங்கும் நிலையை அடைந்துவிட்டது. இந்து மன்றத்தின் பொறுப்பாசிரியன் என்ற முறையிற் புதுப்பீடம் செய்விக்கும் கடமை எனக்காயிற்று. பணங்கொடுத்து வாங்குதல் எளிது. ஆனால் தரம் 11 மாணவர் நால்வர், “சேர், நாங்களே செய்கிறோம்” என்று வந்து நின்றனர். பயிற்சிக் கலாசாலையில் யான் தமிழோடு கைப்பணியும் கற்றவன். அவ்வார்வத்தைத் தட்டிவிட மனம் வரவில்லை.

மரவேலைக் கூடத்திலே, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய மேசைவாள் ஒன்று துணி போர்த்தபடி கிடந்தது. அதனைத் தொட எவரும் துணிந்திலர். அதிபரிடம் அனுமதி கேட்டபோது அவர் சொன்னது ஒன்றே: “செய்யுங்கள். ஆனால் ஒரு பிள்ளையின் விரல்நுனியிலேனும் கீறல் படக்கூடாது.” அச்சொல் எம் வேலை முழுவதற்கும் காப்புச் செய்யுள் போல முன்னின்றது.

மேசைவாள் என்பது யாது? உறுதியான இரும்பு மேசையொன்றின் நடுவேயுள்ள பிளவினூடாக வட்டவாள் மேலெழுந்து நிற்பது. கைவாளில் மரம் அசையாதிருக்க வாள் அசையும். இங்கே வாள் நின்ற இடத்திலே சுழல, மரம் அதனை நோக்கிச் செல்லும். எம்மிடமுள்ள வாள் 10 அங்குல விட்டமுடையது. அஃதாவது 254 மில்லிமீற்றர். நிமிடத்திற்கு ஏறக்குறைய 4000 முறை சுழல்வது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பல்லொன்று விநாடிக்கு 50 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைகின்றது. அது சூறாவளியின் வேகம்.

வட்டவாள் புதியதன்று. 1777ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் ஆபத்தும் அவ்வளவு பழையதே. கை படுதல் ஒன்று. மரம் எறியப்படுதல் மற்றொன்று. வாளின் பின்புறப் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழுவன. அரியப்படும் மரம் சற்றே திரும்பி அவற்றிற் சிக்குமாயின், அம்மரத்தைத் தூக்கி அரிபவன் மீதே அவை எறிந்துவிடும். தோல் பட்ட கணத்தில் வாளை நிறுத்தும் பொறியை அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999ஆம் ஆண்டிலே கண்டறிந்தார். எம்மிடமுள்ளது அத்தகைய பொறியில்லாத சாதாரண வாள். ஆகவே காவலை நாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆபத்து ஒருபுறம் நிற்க, எண்கோணத்தின் இயல்பு மறுபுறம் அச்சுறுத்திற்று. எட்டுத் துண்டுகளை வட்டமாகப் பொருத்தினால் எண்கோணச் சட்டம் உண்டாகும். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் இருபத்திரண்டரைப் பாகை சாய்வாக அரிதல் வேண்டும். எட்டுத் துண்டுக்குப் பதினாறு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிழைத்தால், கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. முதற் பொருத்திலே தெரியாது, இரண்டாவதிலும் தெரியாது. ஆனால் எட்டாவது துண்டைப் பொருத்தும்போது எட்டுப் பாகை இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும். வெண்பா எழுதப் பழகும் மாணவன் முதலடியிலே அசட்டையாக விட்ட தளை ஈற்றடியில் வந்து அவனை மறிப்பது போன்றது இது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அவ்விடைவெளியை அடைத்து, மேலே வர்ணம் பூசி மறைப்பாரும் உளர். கலைமகள் எழுந்தருளும் பீடத்திலே அவ்வேலை தகாதென மாணவர்களே தீர்மானித்தனர்.

இவ்விரு இடர்களையும் ஒருங்கே தீர்க்கும் உபாயத்தைத் தச்சர் ‘ஜிக்’ என்று வழங்குவர். கையின் பயிற்சியை நம்பாமல், மரம் செல்லும் வழியையே பிழையற அமைத்துவிடும் துணைக்கருவி அது. எங்கள் வேலைக்கு ஏற்றது சறுக்குப் பலகை. மரத்தைக் கையாற் பிடித்துத் தள்ளாமல், ஒரு பலகையின் மீதிருத்தி, அப்பலகையையே வாளுக்கூடாகத் தள்ளுவது அதன் முறை. ஜேர்மனியிலே வில்ஹெல்ம் அல்ட்டென்டோர்வ் 1906ஆம் ஆண்டளவிற் கண்ட சறுக்கும் மேசையின் தத்துவமும் இதுவே. எம்மாற் பெரும் இயந்திரம் வாங்க இயலாது. பலகை செய்ய இயலும்.

மேசையின் மேற்பரப்பிலே வாளுக்கு இணையாக இரண்டு தவாளிப்புகள் உள. ஒவ்வொன்றும் முக்கால் அங்குல அகலமுடையது. அவற்றிலே வழுக்கிச் செல்ல இரண்டு ஓடுசட்டங்கள் வேண்டும். அவற்றிற்கு வன்னி முதிரையைத் தெரிந்தெடுத்தோம். அடர்த்தியும் உறுதியும் மிக்க மரம் அது. மரம் ஈரங்கண்டால் அகலத்திலே பருக்கும். நீளத்திலே பருத்தல் மிகச் சிறிது. சோளகக் காற்றில் உலர்ந்திருந்தபோது சீவிய சட்டம் வாடைக்காலத்திலே தவாளிப்பில் இறுகும் என்பதை அறிந்து, ஒரு கடதாசியின் தடிப்பளவு இடம் விட்டுச் சீவினோம். மெழுகுதிரியைத் தேய்த்து வழுவழுப்பாக்கினோம். ஐப்பசி மழை தொடங்கியபோதும் அவை தடையின்றி ஓடின.

அடிப்பலகைக்கு 12 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஒட்டுப்பலகை. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் அசையாது. தவாளிப்புகளிலே நாணயக்குற்றிகளை அடுக்கி, அவற்றின்மேல் ஓடுசட்டங்களை வைத்தோம். சட்டங்கள் மேசை மட்டத்திற்கு மேலே மயிரிழையளவு உயர்ந்து நின்றன. அவற்றின் முதுகிலே பசை தடவி, அடிப்பலகையை மேலே வைத்துப் பாரமேற்றி விட்டோம். மறுநாட் காலையிற் சட்டங்கள் தவாளிப்புகளுக்கு நேர் இணையாகப் பலகையோடு ஒன்றியிருந்தன. பலகையின் முன்னும் பின்னும் உயரமான இரு சட்டங்களை நிறுத்தினோம். வாள் பலகையை ஏறக்குறைய இரு கூறாக்கிவிடும். அவ்விரு கூறுகளையும் பிரியாது பிடித்திருப்பவை இச்சட்டங்களே. மரத்தை அணைத்து வைக்கும் சட்டத்தை அணைசட்டம் என்றோம். வாள் வெளிவரும் இடத்திலே, அணைசட்டத்தின் பின்புறம், தடித்த கட்டையொன்றைப் பதித்துச் சிவப்பு வர்ணம் பூசினோம். வெட்டு முடியும் வேளையில் வாள் அக்கட்டைக்குள்ளேதான் நுழையுமன்றி, தள்ளுபவன் கையை அணுகாது. சிவப்பின் பக்கம் கை போகலாகாது என்பது எம் கூடத்தின் முதற் சட்டமாயிற்று.

இனி, அணைசட்டம் வாளுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்கின்றதா என்பதே வினா. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தோம், சரியென்று காட்டிற்று. ஆனால் மூலைமட்டத்தின் கையோ ஒரு சாண். அதனுள் அடங்கும் நுண்பிழையைக் கண் அறியாது. இதற்குத் தச்சர் கையாளும் ஐந்துவெட்டுச் சோதனை மிக நுட்பமானது. ஏறக்குறைய 400 மில்லிமீற்றர்ச் சதுரப் பலகையொன்றை எடுத்து, ஒரு பக்கத்தை அரிதல் வேண்டும். அரிந்த பக்கத்தை அணைசட்டத்தோடு சேர்த்து, அடுத்த பக்கத்தை அரிதல் வேண்டும். இவ்வாறு நான்கு பக்கமும் சுற்றிவந்தபின், முதற் பக்கத்திலேயே ஐந்தாம் முறை ஒடுங்கிய கீற்றொன்றை அரிந்தெடுத்தல் வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அணைசட்டத்தின் பிழை முன்னையதோடு கூடிக்கொண்டே வருவதால், ஐந்தாம் கீற்றிலே அது நான்கு மடங்காகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பௌதிகவியல் ஆய்வுகூடத்திலிருந்து வேணியர் இடுக்கிமானியை வாங்கிவந்து அளந்தோம். கீற்றின் ஒரு முனை 20.0 மில்லிமீற்றர், மறுமுனை 20.8. வேறுபாடு 0.8, நான்கால் வகுக்க 0.2. அஃதாவது 400 மில்லிமீற்றர் நீளத்திற்கு 0.2 மில்லிமீற்றர் சாய்வு. அணைசட்டத்தை ஒரு முனையில் மட்டுமே திருகாணியாற் பிணித்திருந்தோம். அதிலிருந்து 600 மில்லிமீற்றர் தொலைவிலுள்ள மறுமுனையை 0.3 மில்லிமீற்றர் நகர்த்தினாற் போதும். சாதாரண எழுதுகடதாசி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். ஆகவே மூன்று கடதாசித் துண்டுகளை அணையாக வைத்துச் சட்டத்தை நகர்த்தி இறுக்கினோம். மறுமுறை சோதித்தபோது இடுக்கிமானி வேறுபாடு எதனையும் காட்டிற்றில்லை. அப்பியாசக் கொப்பியின் மூன்று துண்டுக் கடதாசி ஓர் இயந்திரத்தை நேராக்கிற்று என்பதைப் பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை.

செங்கோணம் உறுதியானபின் அதிலிருந்து சாய்கோணத்தைப் பெற்றோம். இருபத்திரண்டரைப் பாகையின் தாஞ்சன் 0.4142, இரண்டின் வர்க்கமூலத்திலிருந்து ஒன்றைக் கழித்து வருவது. அணைசட்டத்தின் வழியே 500 மில்லிமீற்றர் அளந்து, அவ்விடத்திற் செங்குத்தாக 207.1 மில்லிமீற்றர் குறித்து, இரு புள்ளிகளையும் இணைத்தாற் கோணம் கிடைக்கும். அக்கோட்டிலே இரண்டாவது சாய்சட்டத்தை நிறுத்தினோம். எட்டுத் துண்டும் ஒரே நீளமாக வேண்டுமென்பதற்காக, சாய்சட்டத்தில் ஒரு தடைக்கட்டையைப் பொருத்தினோம். பீடத்தின் எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 900 மில்லிமீற்றர் அகலம் வேண்டுமெனின், ஒரு பக்கத்தின் நீளம் 372.8 மில்லிமீற்றராகும். தடைக்கட்டையின் அடிமூலையைச் சிறிது செதுக்கிவிட்டோம். அங்கே மரத்தூள் சேர்ந்தால் அடுத்த துண்டு அவ்வளவுக்குக் குறுகிவிடுமன்றோ?

பீடத்துக்குரிய வேப்பம்பலகையைத் தொடாமல், முதலிற் கழிவு மரத்திலே எட்டுத் துண்டுகளை அரிந்து, பசையின்றிப் பொருத்திப் பார்த்தோம். ஏழு பொருத்தும் இறுக்கமாக நின்றன. எட்டாவதன் வெளிப்புறத்திலே மெல்லிய இடைவெளி. நால்வரும் என் முகத்தைப் பார்த்தனர். அவர்களுள் ஒருவன், வகுப்பிலே பெரும்பாலும் வாய் திறவாதவன், கணக்கிலே பின்தங்கியவன் என்று பெயரெடுத்தவன், குந்தியிருந்து அவ்விடைவெளியை அளந்தான். “சேர், 100 மில்லிமீற்றருக்கு 1.4 விரிஞ்சிருக்கு. அது கிட்டத்தட்ட 0.8 பாகை. பதினாறாலை பிரிச்சால் ஒரு வெட்டுக்கு 0.05. வெளியிலை விரிஞ்சபடியால் கோணம் காணாது, உள்ளுக்கை விரிஞ்சிருந்தால்தான் கூட” என்றான். யான் வியந்து நிற்க, அவன் தொடர்ந்து சாய்சட்டத்தின் நீளத்தை அளந்து, “ஐந்து கடதாசி வைப்பம்” என்று முடித்தான். ஐந்து கடதாசி வைத்தோம். மறுமுறை அரிந்த எட்டுத் துண்டும் நெற்கதிரில் நெல்மணி பொருந்தியதுபோற் பொருந்தின.

பரீட்சைத் தாளிலே அம்மாணவன் பெற்ற புள்ளிகளை யான் அறிவேன். அவற்றுள் எதுவும் அன்று அவன் செய்த கணக்கை அறிந்ததில்லை. பாடசாலைகளில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழினுட்பப் பிரிவையே அவன் பின்னர்க் க.பொ.த. உயர்தரத்துக்குத் தெரிந்தெடுத்தான். அவ்வழி அவனுக்கென்றே திறந்திருந்ததுபோலத் தோன்றிற்று.

பீடத்தின் துண்டுகளை அரிந்து முடித்த நாளிலே, கோயில் வாகனங்களைத் திருத்தும் முதிய தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் சறுக்குப் பலகையை இருமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். “மாஸ்ரர், பலகையே எல்லாத்தையும் செய்தால் பிள்ளையளின்ர கை பழகுமோ?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. யான் மறுமொழி சொல்லுமுன்னே கடதாசித் துண்டுகள் அவர் கண்ணிற் பட்டன. அவை எதற்கென்று கேட்டறிந்தார். “அப்ப பலகைக்கு மட்டம் பார்க்கிறது இன்னும் பிள்ளையளின்ர கையுங் கண்ணுந்தான்” என்று சிரித்தார்.

பின்னர் அவர் மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார். சீமெந்துத் தரையிலே 900 மில்லிமீற்றர்ச் சதுரமொன்றைச் சுண்ணாம்பு நூலால் அடித்தார். மூலைவிட்டங்கள் இரண்டையும் நூலாலேயே ஒத்துப் பார்த்தார். பின்பு ஒரு மூலைவிட்டத்தின் நூலை இரண்டாக மடித்தார். அம்மடித்த நூலை நான்கு மூலைகளிலும் முறையே வைத்துப் பக்கங்களிலே இவ்விரண்டு குறி இட்டார்; எட்டுக் குறிகளையும் இணைத்தார். எண்கோணம் பிறந்துவிட்டது. தாஞ்சனும் இல்லை, பாகைமானியும் இல்லை, எண்ணே இல்லை. மாணவர் தம் சட்டத்தைத் தூக்கி அக்கோட்டின் மீது வைத்தனர். எட்டுப் பக்கத்திலும் சுண்ணாம்புக் கோடு ஒரே அளவாகத் தெரிந்தது. முதியவர் ஒன்றும் பேசவில்லை; நூலைச் சுற்றி மடியிலே செருகிக்கொண்டு, அந்தக் கணக்குச் செய்த பையனின் தோளிலே ஒருமுறை தட்டினார். அவ்வாண்டு நவராத்திரியிற் கலைமகள் அப்பீடத்திலேயே எழுந்தருளினாள். ஒரு விரலிலும் கீறல் இல்லை.

இவ்வேலையிலிருந்து யான் பெற்ற பாடம் ஒன்றுண்டு. அது மாணவரைப் பற்றியதன்று; எம்மைப் போன்ற ஆசிரியரைப் பற்றியது. சறுக்குப் பலகை வல்லவனுக்கும் பழகாதவனுக்கும் ஒரேவகையான நேர்வெட்டைத் தருகின்றது. அதுவே அதன் பெருமை. ஆனால் பலகை பிழைத்தால், அதன்மேற் சென்ற ஒவ்வொரு துண்டும் அதே பிழையோடு வரும். எட்டுத் துண்டையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். எல்லாம் ஒத்தே இருக்கும். ஒத்திருத்தலாற் பிழையில்லை என்றும் எண்ணத் தோன்றும். கடைசிப் பொருத்திலேதான் உண்மை வெளிப்படும். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் ஆசிரியனிடம் கற்ற நாற்பது பிள்ளைகளும் ஒரேவிதமாகவே ஒலிப்பர்; வகுப்பறைக்குள்ளே அது பிழையெனக் கொள்ளப்படாது. அவர்கள் மேடையேறும் நாளிலே அது கேட்கும். எழுத்துப் பிழைக்கே இவ்வாறெனின், பிறனை மதியாமையும், உண்மையை மழுப்புதலும், ‘இவன் மண்டு’ என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிவிடுதலும் எத்துணைத் தலைமுறைக்குப் பெருகும்!

ஆதலின் ஆசிரியன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளல் வேண்டும்; தனக்குப் புறத்தேயுள்ள ஓர் அளவையாலும் சோதிக்கப்படல் வேண்டும். எமக்கு ஐந்தாம் கீற்றும் முதியவரின் நூலும் அவ்வளவைகளாயின. நல்லாசிரியனுக்கு நிறைகோலையும் உவமை கூறினார் நன்னூலார். நிறைகோல் பிறவற்றை நிறுக்குமுன் தான் நடுவு நிற்றல் வேண்டும் என்பது அவ்வுவமையினுள்ளே அடங்கிய பொருள் என இப்போது கொள்கின்றேன்.

இன்னொன்றும் சொல்லுதல் கடன். பிள்ளைகள் பலகைகளல்லர். அவர்களை ஒரே நீளத்தில் அரிந்து அடுக்குதல் கல்வியாகாது. உண்மையிற் சறுக்குப் பலகையும் மரத்தின் இயல்பை மாற்றுவதில்லை. வேம்பு வேம்பாகவே இருந்தது. அதன் கணுவும் வரியும் அப்படியே நின்றன. அசையாத ஓர் அணைப்பையும் ஆபத்தில்லாத ஒரு வழியையும் கொடுத்ததே பலகை செய்த வேலை. அவ்வளவே ஆசிரியனுக்கும் போதும்.

பழைய மாணவப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அனுப்பிய வாளுக்குக் கல்லூரி நன்றியுடையது. ஆனால் வாளினும் அரியது, அதன் அருகே வந்து நிற்கும் அனுபவமுள்ள மனிதர். பொறியியலாளராயும் கட்டட வேலையாளராயும் கம்மியராயும் நீங்கள் கற்றவை எந்தப் பாடநூலிலும் இல்லை. ஊருக்கு வரும்போது ஒரு பிற்பகலையேனும் மரவேலைக் கூடத்திற்குத் தாருங்கள். வாய் திறவாத ஒரு பிள்ளை அங்கே உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

ஒடுங்கிய வழியிலே நேராக ஓடி, தன்மேல் ஏறிய ஒவ்வொருவரையும் பழுதின்றி அக்கரை சேர்க்கும் பலகையைப் போல எம் கல்லூரி அன்னை இன்னும் பல விழாக் காண்பாளாக! கலைமகள் திருவருள் அவள்பால் என்றும் நிலவுக!